எட்டுக்கு மூன்று வாங்கிய பக்கம்

வாசகர் கேள்வி:

ஐயா, நாங்கள் டெல்டா பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் செய்கிறோம். நான் எட்டாவது வரை படித்தவள். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பாள். சில மாதங்களுக்கு முன் 'மழையின் பயன்கள்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எட்டுக்கு மூன்று மதிப்பெண். பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அடுத்த கட்டுரையைக் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதினாள். எட்டுக்கு ஏழு, 'நன்று' என்று போட்டிருந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் கைடுதான். மதிப்பெண் வருகிறது, ஆனால் அவளாக எழுதுவதை விட்டுவிட்டாள். டீச்சரிடம் போய்ப் பேசலாமா, டியூஷனில் சேர்க்கலாமா, இல்லை மதிப்பெண்தான் வருகிறதே என்று பேசாமல் இருந்துவிடலாமா? அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். பெயர், ஊர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தேன். மற்ற வாசகர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் மகள் எழுதியதை அவள் எழுதியபடியே இங்கே தருகிறேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

"மழை உயிர்களுக்கு அமிர்தம் ஆகும். மழை இல்லை என்றால் உலகமே இல்லை. மழை இல்லாமல் யாரும் வாழ முடியாது. போன வருசம் ஐப்பசி மாசம் குறுவை அறுவடை முடிஞ்சு நெல்லை கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்தோம் நாலு நாள் ஆகியும் எடை போடவில்லை ஐந்தாம் நாள் ராத்திரி மழை வந்தது அப்பாவும் சித்தப்பாவும் தார்பாயை இழுத்து பிடித்து கொண்டு நின்றார்கள் காற்று அதை பிடிங்கி கொண்டு போனது மூன்று நாள் கழித்து மழை விட்டது அடியில் இருந்த நெல் முளை விட்டு இருந்தது அம்மா ஒரு கை அள்ளி பார்த்து விட்டு ஒன்னும் சொல்லவில்லை. ஆகவே மழை நீரை சேமிப்போம் வளமாக வாழ்வோம்."

அடியில் ஆசிரியை எழுதியிருப்பது: "தலைப்பை விட்டு விலகியுள்ளது. பேச்சு வழக்கைத் தவிர். கவனம் தேவை." பக்கத்தில் 15 சிவப்பு வட்டங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எழுதத் தெரிந்த பிள்ளையின் பக்கம். "அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை" என்ற வரியில் துக்கம், கண்ணீர், வேதனை என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் இப்படி ஒரு வரி தானாக வந்து விழுவது சாதாரணமில்லை. ஆசிரியர்களுக்குக் கட்டுரை திருத்தப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஏராளமான கட்டுரை ஏடுகளைப் பார்க்கிறேன். அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அதே உறுதியோடு இன்னொன்று: அந்த 15 வட்டங்களில் 14 சரியானவை. 'நாலு' என்பதை மட்டும் நான் விட்டிருப்பேன், அது நல்ல தமிழ்தான். மற்றவை எல்லாம் பிழைகளே. தலைப்பை விட்டு விலகியதாகச் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மழையின் பயன்களை எழுதச் சொன்னால் மழையால் நெல் போன கதையை எழுதியிருக்கிறாள். ஆகவே ஆசிரியை தவறு செய்துவிட்டார் என்ற எண்ணத்தோடு பள்ளிக்குப் போகாதீர்கள். அவருக்கு நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 ஏடுகள். ஒரு ஏட்டுக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலும் 480 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம் ஆகிறது. பாடம் நடத்தி, மற்ற பதிவேடுகளை எழுதி முடித்த பிறகு அந்த எட்டு மணி நேரத்தை அவர் வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படியும் 15 இடத்தில் வட்டம் போட்டிருக்கிறார் என்றால் அவர் உங்கள் மகளின் பக்கத்தை வரி விடாமல் படித்திருக்கிறார்.

அப்படியானால் எங்கே கோளாறு? திருத்திய ஏடு கைக்கு வந்த பிறகு நடக்க வேண்டியது எதுவும் நடக்கவில்லை. நம் பள்ளிகளில் கட்டுரை ஏடு திரும்பி வந்தால் வேலை முடிந்தது என்று பொருள். பிள்ளை மதிப்பெண்ணைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கும், ஏட்டை மூடும். மிஞ்சிப்போனால் பிழையான சொற்களை ஐந்து முறை எழுதிக்காட்டும். அடுத்த கட்டுரை வேறு தலைப்பு, புதுப் பக்கம். போன பக்கத்தில் சொன்னதைப் பயன்படுத்திப் பார்க்க ஓர் இடமே கிடைப்பதில்லை. எழுத்து வளர்வது அதே பக்கத்தை இன்னொரு முறை எழுதும்போதுதான். திருத்தம் என்பது அந்த இரண்டாம் எழுத்துக்கான குறிப்பு. இரண்டாம் எழுத்தே இல்லாவிட்டால் குறிப்பு வெறும் தீர்ப்பாகிவிடுகிறது. உங்கள் மகளுக்கு நடந்தது அதுதான்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1988-ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். சிந்தித்துச் செய்ய வேண்டிய சில பயிற்சிகளைக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் சேர்த்துத் தந்தார். அடுத்த முறை நன்றாகச் செய்ததும் ஆர்வம் குறையாமல் இருந்ததும் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள்தான். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறிப்பின் பலன் கிடைக்கவில்லை. மதிப்பெண் கண்ணில் பட்டதும் குறிப்பு காணாமல் போய்விடுகிறது. அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1996-ல் குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவர் செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன ஆகிறது என்று பார்த்த 600-க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கருத்துச் சொல்வது சராசரியாக நன்மைதான் செய்கிறது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் கருத்துச் சொன்னதே திறனைக் குறைத்திருந்தது. செய்த வேலையிலிருந்து கவனம் நழுவி, 'நான் எப்படிப்பட்டவன்' என்ற நினைப்புக்குப் போகப் போகக் கருத்தின் பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. "கவனம் தேவை" என்ற இரண்டு சொற்களை இப்போது திரும்பப் பாருங்கள். அது எந்த வரியைப் பற்றியும் பேசவில்லை. பிள்ளையைப் பற்றிப் பேசுகிறது.

உங்கள் மகள் கைடுக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. சொந்தமாக எழுதினால் மூன்று, பார்த்து எழுதினால் ஏழு என்று வரும்போது எந்தப் புத்திசாலிப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அவளைக் கோபிக்காதீர்கள்.

இனி அந்தப் பக்கத்துக்கு வருவோம்.

அவளிடம் 15 வட்டங்களையும் ஒரு தாளில் பட்டியலாக எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு இனம் பிரிக்கச் சொல்லுங்கள். நான் பிரித்துப் பார்த்தேன். வருசம், மாசம், முடிஞ்சு, நாலு, ராத்திரி, ஒன்னும் என ஆறு சொற்கள் பேச்சு வழக்கு. தார்பாய், பிடிங்கி இரண்டும் எழுத்துப் பிழை. தார்ப்பாய், பிடுங்கி என்று வர வேண்டும். மீதி ஏழும் ஒற்று விடுபட்டவை, அதாவது இரண்டு சொல் சேரும் இடத்தில் வர வேண்டிய க், ச், த், ப் விடுபட்ட சந்திப் பிழைகள். அந்த ஏழையும் உற்றுப் பாருங்கள். 'நெல்லை கொள்முதல்', 'அதை பிடிங்கி', 'நீரை சேமிப்போம்' மூன்றிலும் 'ஐ' என்ற வேற்றுமை உருபுக்குப் பின்னால் வல்லினம் மிகவில்லை. 'இழுத்து பிடித்து', 'பிடித்து கொண்டு' இரண்டிலும் 'த்து' என்று முடியும் வினையெச்சம். 'பிடிங்கி கொண்டு', 'அள்ளி பார்த்து' இரண்டிலும் 'இ' என்று முடியும் வினையெச்சம். ஏழு பிழை, மூன்றே விதி. நெல்லைக் கொள்முதல், அதைப் பிடுங்கி, இழுத்துப் பிடித்துக்கொண்டு, அள்ளிப் பார்த்து என்று அவளே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அந்த அழுத்தம் நாக்கிலேயே இருப்பது தெரியும். பேசும்போது அந்த இடங்களில் பெரும்பாலும் சரியாகத்தான் அழுத்துகிறோம், எழுதும்போது விட்டுவிடுகிறோம்.

15 பிழை செய்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, தனக்குத் தெரிய வேண்டியது மூன்று சந்தி விதி, இரண்டு எழுத்துப் பிழை, ஒரு பேச்சு வழக்குப் பழக்கம், அவ்வளவுதான் என்று தெரிகிறபோது முகம் மாறும். சிவப்பு வட்டங்களை எண்ணினால் மலைப்புதான் வரும். இனம் பிரித்தால் வேலை என்னவென்று தெரியும். ஒரு வாரத்துக்கு 'ஐ' மட்டும். எதை எழுதினாலும், எழுதி முடித்த பிறகு 'ஐ'யில் முடியும் சொற்களை மட்டும் தேடிப் பிடித்து, அடுத்த எழுத்து க, ச, த, ப ஆகவும் அது வேற்றுமை உருபாகவும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அடுத்த வாரம் 'த்து'. எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யப் போனால் பழையபடி ஏட்டை மூடத்தான் தோன்றும்.

பேச்சு வழக்கு விஷயத்தை நம் பள்ளிகளில் மிகக் கடுமையாகக் கையாள்கிறோம் என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு. தமிழில் பேசுகிற மொழி ஒன்று, எழுதுகிற மொழி ஒன்று. நினைப்பு பேச்சில்தான் வருகிறது. பிள்ளை நினைத்ததை எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது, அது இரட்டை வேலை. அந்த வேலைக்குப் பயந்துதான் "மழை உயிர்களுக்கு அமிர்தம் ஆகும்" போன்ற தயார் வாக்கியங்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள். உங்கள் மகளின் முதல் மூன்று வாக்கியங்களில் ஒரு பேச்சுச் சொல்லும் இல்லை, ஒரு பிழையும் இல்லை, அவளும் இல்லை. மாறாக, நெல் நனைந்ததைச் சொல்லத் தொடங்கியதும் முழுக்க அவள் வந்துவிடுகிறாள். பேச்சு வழக்கும் கூடவே வருகிறது. அந்த வேகத்தில் அது வரத்தான் செய்யும். ஆகவே முதல் முறை எழுதும்போது பேசுகிற மாதிரியே எழுதட்டும். எழுதி முடித்த பிறகு மாற்றட்டும். மாற்றுவதற்கு ஒழுங்கு இருக்கிறது: முடிஞ்சு, நனைஞ்சு, விழுந்துச்சு என்பவை முடிந்து, நனைந்து, விழுந்தது ஆகும். படிச்சு, அடிச்சு என்பவை படித்து, அடித்து ஆகும். இப்படி ஏழெட்டு ஒலி மாற்றங்களுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். ஒருவர் வாயால் சொன்னதை மேற்கோளுக்குள் எழுதும்போது பேச்சையே வைத்துக்கொள்ளலாம், அது பிழை ஆகாது.

ஆசிரியை வட்டம் போடாத ஒரு குறை எனக்குப் பெரிதாகப் பட்டது. "போன வருசம்" தொடங்கி "சொல்லவில்லை" வரைக்கும் ஒரே ஒரு முற்றுப்புள்ளிதான். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகிறது. சொற்களை மாற்றாமல், புள்ளியை மட்டும் வைத்து, சொன்ன பிழைகளை மட்டும் நீக்கிப் பார்த்தேன்:

"நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்தோம். நாலு நாள் ஆகியும் எடை போடவில்லை. ஐந்தாம் நாள் இரவு மழை வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது."

கதை அதேதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் இப்போது தனித்தனியாகக் கண்ணில் நிற்கிறது. இதை அவளிடம் காட்டி எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள், மீதிப் பகுதியை அவளே பிரிக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவளை உங்களுக்கு எதிரே உட்காரவைத்து, எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு புள்ளிக்கு இடம் இருக்கிறது.

எட்டாவது வரை படித்தவள் என்று தயக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கட்டுரையைப் பொறுத்தவரை உங்களைவிடப் பெரிய வாசகர் கிடையாது. அந்த நெல்லை அள்ளிப் பார்த்த கை உங்களுடையது. அவள் படிக்கும்போது கேள்வி கேளுங்கள். "எத்தனை மூட்டை இருந்துச்சு?" "தார்ப்பாய் யாருடையது?" "நீ எங்க நின்னுக்கிட்டிருந்த?" "அப்புறம் அந்த நெல்லை என்ன பண்ணினோம்?" அவள் சொல்லும் பதில்களில் இரண்டு மூன்று கட்டாயம் கட்டுரைக்குள் போகும். குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள்: நனைந்த நெல்லை ஏன் எடுக்க மாட்டார்கள்? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பதில்லை என்பது பொதுவான விதி. உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். சென்னையில் இருக்கும் ஒருவருக்குத் தெரியாது. அது தெரியாதவருக்கு அம்மா ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது முழுதாக விளங்காது. தனக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைப்பதுதான் எழுதக் கற்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான குறை. சந்திப் பிழையைவிட இதைச் சரிசெய்வதற்குத்தான் அதிக நாள் ஆகும். இலக்கணம் தெரியாத அம்மாவின் "எனக்குப் புரியலையே" என்ற கேள்வி இதற்கு மிகவும் உதவும்.

அடுத்தது தலைப்பு. "தலைப்பை விட்டு விலகியுள்ளது" என்பதைப் படித்ததும் அவள் என்ன நினைத்திருப்பாள்? நெல் கதையை எழுதியதே தப்பு, அதை எடுத்துவிட வேண்டும். அப்படித்தான் அடுத்த கட்டுரையில் தன் கதை எதையும் எழுதவில்லை. ஆனால் விலகியதைச் சரிசெய்ய எடுத்துவிடுவது ஒன்றே வழியில்லை. கதையைத் தலைப்போடு கட்டிவிட்டால் போதும். அதே மழை ஒரு மாதம் முன்பு, கதிர் வாங்கும் நேரத்தில் வந்திருந்தால் அதுதான் பெரிய பயன். அறுத்துக் கொட்டிய நெல்லின்மேல் வந்ததால் இழப்பு. மழையின் பயன் அது வருகிற காலத்தைப் பொறுத்தது என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் நெல் கதை தலைப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேடையும் கூரையும் உள்ள சேமிப்புக் கிடங்கு இருந்தால் மழை பயனாகவே இருந்திருக்கும் என்று மேலே கொண்டுபோகவும் இடமிருக்கிறது.

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரையில், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லியிருக்கிறார். தமிழாசிரியர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது பெரிய புலவர்களுக்கான பட்டியல் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம், எனக்கு அதில் வருத்தம்தான். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைக்கு இதைவிட நல்ல திருத்தக் குறிப்பு எங்கும் கிடைக்காது. உங்கள் மகளின் முதல் மூன்று வாக்கியங்கள் ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்கின்றன. அது 'கூறியது கூறல்'. நெல் கதை இப்போதைக்கு 'மற்றொன்று விரித்தல்', சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பக்கம் "மழை நீரை சேமிப்போம் வளமாக வாழ்வோம்" என்று முடிகிறதே, அது 'சென்று தேய்ந்து இறுதல்', போகப் போக மெலிந்து முடிவது. "கவனம் தேவை" என்பதற்குப் பதில் இந்த மூன்றில் ஒன்றை அந்தந்த வரிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தால், எங்கே கைவைக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். எழுதுவதற்கும் அதே நேரம்தான் ஆகும். இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: ஓர் ஏட்டில் ஒரு நல்ல வரிக்குக் கோடு போடுங்கள், ஒரு குறையை இடம் காட்டிச் சொல்லுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள். மதிப்பெண்ணை இரண்டாம் முறை எழுதிய பிறகு போடுங்கள். ஒரு பருவத்தில் எட்டுக் கட்டுரை எழுதவைப்பதற்குப் பதில் நான்கை இரண்டு முறை எழுதவைத்தால் உங்களுக்கும் திருத்தும் சுமை கூடாது.

திரும்ப எழுதும்போது எதை முதலில் செய்வது என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் சொல்ல வந்தது என்ன, எதைச் சேர்க்க வேண்டும், எதை எடுக்க வேண்டும். பிறகு வாக்கியங்கள். ஒற்றும் எழுத்தும் கடைசியில். நடவுக்கு முன்னாலேயே களை எடுக்க யாரும் வயலில் இறங்குவதில்லையே. 1980-ல் நான்சி சோமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கல்லூரி மாணவர்களும் தேர்ந்த எழுத்தாளர்களும் தங்கள் எழுத்தை எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். மாணவர்கள் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போடுவதையே திருத்தம் என்று நினைத்தார்கள். தேர்ந்தவர்கள் மொத்த எழுத்தின் வடிவத்தையும் வாதத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். நம் பிள்ளைகளும் சொல்லைத்தான் மாற்றுகிறார்கள். சிவப்பு வட்டம் சொற்களின்மேல் விழுவதால் அவர்கள் அப்படிப் பழகிவிடுகிறார்கள்.

இரண்டாம் முறை எழுதிய பக்கத்தை அவளே ஆசிரியையிடம் கொண்டுபோகட்டும். நீங்கள் போக வேண்டாம். அம்மா வந்தால் அது புகாராகத் தோன்றும், பிள்ளை வந்தால் பாடம். ஆனால் "சரியா இருக்கா பாருங்க" என்று மட்டும் கேட்கக் கூடாது. அதற்கு "ம், பரவாயில்லை" என்ற பதில்தான் வரும், வேலைக்கு நடுவில் வேறென்ன சொல்ல முடியும்? "டீச்சர், தலைப்பை விட்டு விலகுதுன்னு எழுதியிருந்தீங்க. அதுக்காக இந்த வாக்கியம் சேர்த்திருக்கேன். இப்ப பொருந்துதா?" என்று விரல் வைத்துக் காட்டிக் கேட்கட்டும். அரை நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. இப்படிக் கேட்டு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் தமிழாசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இடைவேளையில், மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்க வேண்டும் என்பது முக்கியம். ஆசிரியை சொன்னதில் ஒன்றை அவள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதையும் கேட்கலாம். 'நாலு' ஏன் பிழை என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்று கேட்பதையும் கேட்டதற்கு விடை சொல்வதையும் மாணவரின் கடமையாகவே அதே நன்னூல் வைத்திருக்கிறது.

மதிப்பெண் வருகிறதே, விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். நேராகச் சொல்கிறேன். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கட்டுரைக்குக் குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை என்ற சட்டகம் வேண்டும். அந்தச் சட்டகத்தைக் கைடைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் தவறில்லை, கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். உள்ளே போகிற வாக்கியங்கள் அவளுடையதாக இருக்கட்டும். அதே வினாத்தாளில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு படத்தைக் கொடுத்துக் கேட்பார்கள். எந்தப் படம் வரும் என்று கைடுக்குத் தெரியாது. தார்ப்பாயைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்து எழுதியவளுக்கு அங்கே திணறல் இருக்காது. மனப்பாடப் பாடலை மனப்பாடம் செய்யட்டும், அது வேறு. கட்டுரையை மனப்பாடம் செய்யும் பழக்கம் பதினோராம் வகுப்பில், கல்லூரியில், பிறகு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டிய இடத்தில் கைகொடுக்காது.

இன்னொன்று. அவளாக மறுபடி எழுதத் தொடங்கினால் ஒன்றிரண்டு கட்டுரைக்கு மதிப்பெண் ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கக்கூடும். அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள், நீங்களும் தயாராக இருங்கள். அந்த நேரத்தில் வீட்டில் "ஏன் குறைஞ்சுது?" என்ற கேள்வி வந்துவிட்டால் அவள் அன்றைக்கே கைடைத் திறந்துவிடுவாள். அவள் அப்பாவிடமும் இதைப் பேசிவிடுங்கள். பாராட்டும்போது "சூப்பரா எழுதியிருக்க" என்று சொல்வதைவிட, பிடித்த ஒரு வரியை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த வரி பிடித்தது என்று தெரிந்தால்தான் அப்படி இன்னொன்று எழுத அவளுக்குக் கை வரும்.

டியூஷன் வேண்டாம். பெரும்பாலான டியூஷன்களில் இன்னொரு கைடைத்தான் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் கோடு போட்ட பெரிய நோட்டு இரண்டு வாங்கிக் கொடுங்கள். ஒன்றில், திறந்து வைத்தால் இடது கைப் பக்கம் மட்டும் அவள் எழுதட்டும், வலது கைப் பக்கம் காலியாக இருக்கட்டும். திரும்ப எழுதுவதற்கான இடம் அது. இன்னொன்றில் ஒரு விதிக்கு ஒரு பக்கமாக, அவள் செய்த பிழையையும் அவளே திருத்திய வடிவத்தையும் எழுதி வரட்டும். முதல் பக்கம் 'ஐ'. 'நெல்லைக் கொள்முதல்', 'அதைப் பிடுங்கி', 'நீரைச் சேமிப்போம்' மூன்றும் அங்கே போய்விடும். நோட்டு வாங்கிய அன்றைக்கே மழைக் கட்டுரையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். திரும்ப எழுதிய பக்கத்தை எனக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். படித்துவிட்டு அவளுக்கே பதில் எழுதுகிறேன்.